முப்பத்தொரு நாள் தாடி

என் தம்பி அஜந்தன் பஸ்ஸில் ஏறினால் இடது வரிசையில் ஜன்னல் ஓரம்தான் இருப்பான். அந்த இடம் கிடைக்காவிட்டால், எத்தனை இருக்கை காலியாகக் கிடந்தாலும் முரசுமோட்டையிலிருந்து கிளிநொச்சி வரை நின்றுகொண்டே வருவான். கலியாண வீட்டில் சாப்பிடப் போனால் வரிசையின் ஒரு முனையில், இடது கன்னம் சுவர்ப் பக்கம் இருக்கும்படி கதிரையை இழுத்துப் போடுவான். பதினைந்து வருடமாக இதைக் கண்டு வருகிறேன். ஏன் என்று விளங்க எனக்கே சில வருடங்கள் எடுத்தன.

அவனுக்குத் தாடி ஒழுங்காக வருவதில்லை. மீசை வரும், நாடியில் வரும், வலது கன்னத்தில் ஓரளவு வரும். இடது கன்னத்தில் காதுக்குக் கீழே ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றுமே இல்லை. அதற்குக் கீழே இரண்டு மூன்று இடத்தில் காசளவு வெளி. இது ஒரு நோயும் அல்ல, காயத்தின் தழும்பும் அல்ல. பிறவி அப்படி.

போர் முடிந்து முகாமில் இருந்த காலத்தில் அவனுக்குப் பத்தொன்பது வயது. சவர அலகு கிடைக்காத நாட்கள். தண்ணீர் வரிசையில் நின்ற பொடியன்கள் எல்லாருக்கும் முதல் தாடி மண்டிக் கிடந்தது. இவனுடைய முகத்தைப் பார்த்து ஒருத்தன் "மாடு மேய்ஞ்ச வயல்" என்றான். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஊருக்குத் திரும்பும் வரை அவனுக்கு அதுதான் பெயர். "டேய் மாடு மேய்ஞ்சவன், உன்ர தண்ணிக் கானை இஞ்சால எடு" என்று கூப்பிடுவார்கள். அவனும் சிரித்துக்கொண்டு எடுப்பான். ஊருக்கு வந்து கொட்டில் போட்ட முதல் கிழமையே ஒரு பெட்டி அலகு வாங்கினான். அன்றிலிருந்து விடிய எழும்பிக் கிணற்றடியில் மழித்துவிட்டுத்தான் மற்ற வேலை. காய்ச்சல் என்றாலும் மழிப்பான். ஒரு நாள் தவறினதில்லை.

அதனால் ஊரில் பலருக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். மாமியின் மகன் நிரோஜனுக்குத் தெரியும், அவனும் அந்த முகாமில் இருந்தவன். அம்மாவுக்கும் தெரிந்திருக்கும், ஆனால் அதைக் குறை என்று அம்மா நினைத்திருக்கமாட்டா.

மற்றபடி அஜந்தனைப் பற்றிக் குறையாகச் சொல்ல ஊரில் ஆள் இல்லை. மூன்று ஏக்கர் வயல் செய்கிறான். டிராக்டர் ஓட்டுகிறான். வாய்க்காலில் தண்ணீர் முறை வந்தால் தன் நேரம் முடிந்ததும் தானே போய் அடுத்தவன் பக்கம் திறந்துவிட்டு வருவான். அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி இரண்டு வருடம் இரத்தம் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. கிழமைக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், நாலு மணித்தியாலம் வெளியில் காத்திருந்து கூட்டிவந்தவன் அவன்தான். கதை குறைவு. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கதை குறைவு. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பெரிய ஆட்கள் முன் வாய் திறக்க எனக்கு இன்றைக்கும் கூச்சம்.

போன புரட்டாதியில் அவனுக்கு விசுவமடுவில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. பெண்ணின் பெயர் யதுர்ஷிகா. முன்பள்ளி ஆசிரியை. தகப்பன் கணபதியருக்கு அவள் ஒரே பிள்ளை. அவனுக்கு இதற்கு முன் மூன்று இடம் சாதகத்திலும் சாதாரணக் காரணங்களிலும் குழம்பிப்போயிருந்தன. ஆனால் அஜந்தன் அந்த மூன்றையும் தன் முகத்தின் மேல்தான் போட்டுவைத்திருந்தான். இது நான்காவது. அவனுக்கு முப்பத்துநாலு வயது.

பெண்ணையும் அவனையும் பிள்ளையார் கோயில் வீதியில் சந்திக்க வைத்தோம். இருவரும் மரத்தின் கீழ் பத்து நிமிடம் நின்றார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்று பாதணிகளைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல அவர்களைப் பார்த்தேன். அஜந்தன் வலது கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். வழமைபோலக் கதைக்கவில்லை. கடைசியில் அவள்தான் ஏதோ சொன்னாள். அவன் தலையாட்டினான்.

வரும் வழியில் கேட்டேன், "பிடிச்சிருக்கோடா?"

"ஓம்."

"அவ என்ன சொன்னவ?"

மோட்டார் சைக்கிளை ஒரு பள்ளம் விலத்தி ஓட்டினான். பிறகு சொன்னான்.

"தாடி விட்டால் எனக்கு வடிவாயிருக்குமாம்."

"நீ என்ன சொன்னனீ?"

"விடுறன் எண்டு சொன்னனான்."

அவனுக்கு அவளைப் பிடித்திருந்தது. அவளிடம் முதன்முதலாகச் சொன்ன சொல்லே அவனால் செய்யமுடியாத ஒன்றாகிவிட்டது.

கார்த்திகையில் வயலில் முளைக்காத இடங்களில் நட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கம் விதைப்புத்தான். விதைத்த பிறகு மழைத் தண்ணீர் நின்ற பள்ளங்களில் நெல் அழுகி வெளியாகப் போய்விடும். நெருக்கமாக முளைத்த இடத்தில் பிடுங்கி அந்த வெளியில் நடுவோம். நானும் இன்னும் நாலு பெண்களும் குனிந்து நிற்க, நிரோஜன் வரம்பில் குந்திக்கொண்டு போன் பார்த்தான். திடீரென்று சிரித்தான்.

"மச்சான், இஞ்ச வந்து பார். உங்கட அக்கா செய்யிற வேலையைத்தான் கொழும்பில டொக்டர்மார் செய்யிறாங்கள்."

பின்தலையிலிருந்து மயிரை வேரோடு ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் நடுகிற படம் அது. வரம்பு வெட்டிக்கொண்டிருந்த அஜந்தன் வந்து எட்டிப் பார்த்தான்.

"பிடுங்கின இடம் வெளியாப் போகாதோ?" என்றாள் என்னோடு நட்டுக்கொண்டிருந்த கஜனி.

"அங்க நெருக்கமா நிக்குது, தெரியாதாம்." நிரோஜன் என் பக்கம் திரும்பினான். "உங்களுக்கென்ன அக்கா, நீங்கள் போனால் ஒரு நாளில ரெண்டு பேரை நட்டு முடிச்சிடுவீங்கள்."

"கூலி ஆர் தருவினம்?" என்றாள் கஜனி.

"அஜந்தன் தருவான். தேத்தண்ணியும் வடையும் அவன்ர செலவு."

பெண்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு அது ஏன் அஜந்தன் என்று தெரியாது. அஜந்தனும் சிரித்தான். பின்னேரம் நிரோஜன் போகும்போது வேலிப் படலையடியில் வைத்து அஜந்தன் மெதுவாகக் கேட்டான், "அந்த வீடியோவை எனக்கு அனுப்பிவிடு."

அவன் அந்த வீடியோவில் இருந்த கொழும்புக் கிளினிக்குக்குப் போன் எடுத்துக் கதைத்தான். ஒரு தமிழ்ப் பிள்ளைதான் பதில் சொன்னது. செலவைக் கேட்டபோது எங்கள் வயலின் ஒரு போக விளைச்சல் அப்படியே போகும் என்று தெரிந்தது. அதற்கு அவன் பின்நிற்கவில்லை. நின்றது வேறு இடத்தில். டொக்டர் பார்த்துச் சொல்வதற்கு முகத்தைப் பத்து நாள் மழிக்காமல் விட்டு, ஐந்து பக்கத்தால் படம் எடுத்து அனுப்பவேண்டுமாம். பத்து நாள்.

"ஊசி போட்டால் நோகுமோ எண்டெல்லாம் கேட்டனான் அக்கா. அதெல்லாம் பரவாயில்லை" என்றான். "பத்து நாளைக்கு எங்க போய் ஒளிக்கிறது?"

ஒருதடவை தொடங்கிப் பார்த்தான். இரண்டாம் நாள் மத்தியானம் உரக்கடைக்குப் போகவேண்டி வந்தது, மழித்துவிட்டுப் போனான். வேறொரு தடவை அப்பாவின் ஆஸ்பத்திரி நாள் வந்தது. அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போட்டான்.

மார்கழி நடுப்பகுதியில் அப்பா போய்விட்டார். எதிர்பார்த்திருந்ததுதான். அஜந்தன் ஒரே மகன், கொள்ளி வைத்தான். கொள்ளிக்கு முன் அவனுக்கு முகம் வழித்தார்கள். அதற்குப் பிறகு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும் வரை கத்தி படக்கூடாது. இது எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத விசயம். கொள்ளி வைத்தவனின் தாடியைப் பார்த்துத்தான் ஊர் நாள் எண்ணும்.

நான் எட்டாம் நாளில் அவனைக் கவனித்தேன். முகத்தை மறைக்கிற முகக்கவசம் ஒன்றைப் போட்டுக்கொண்டு திரிந்தான். தடிமன், மூக்கு ஓடுது என்றான். சாப்பிடும்போது எல்லாருக்கும் பிறகு குசினிக்குள் வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். தாடி வரத் தொடங்கியிருந்தது. வெளியும் தெரியத் தொடங்கியிருந்தது. துக்கம் விசாரிக்க வருபவர்கள் குறையவில்லை. அவன் முற்றத்தில் இருந்தே ஆகவேண்டும்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, கணபதியர் மனைவியோடும் மகளோடும் வருவதாகச் சொல்லியிருந்தார். செத்தவீட்டன்று அவர் மட்டும் வந்து போயிருந்தார். சம்பந்தம் பேசியாகிவிட்டபடியால் பெண்ணையும் கூட்டிக்கொண்டு முறையாக வருகிறார்கள்.

அன்று விடிய நான் அடுப்பு மூட்ட எழும்பினேன். அஜந்தன் கண்ணாடியையும் அலகையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவது தெரிந்தது. என்ன செய்யப்போகிறான் என்று தெரிந்தது. "வேண்டாமடா" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டு நாள் அவன் பட்டதைக் கண்டவள் நான்.

பத்து மணிக்கு அவர்கள் வந்து முற்றத்தில் கதிரைகளில் இருந்தார்கள். அஜந்தன் முகக்கவசம் இல்லாமல் எதிரே இருந்தான். கணபதியர் அவனுடைய முகத்தைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். அப்பாவின் வருத்தத்தைப் பற்றிக் கதை போய்க்கொண்டிருந்தபோது செல்வநாயகம் சித்தப்பா சைக்கிளில் வந்து இறங்கினார். அப்பாவின் தம்பி. சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை.

"இதென்னடா கோலம்?"

அஜந்தன் எழும்பி நின்றான்.

"அண்ணை செத்து இண்டைக்குப் பன்னிரண்டு. ஆரைக் கேட்டு மழிச்சனி?"

அவன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"உன்னட்டத்தான் கேக்கிறன். வாயில என்ன கொழுக்கட்டையோ?"

"கடிச்சது, சித்தப்பா. சொறிஞ்சு சொறிஞ்சு ஏலாமல் போச்சு."

"சொறிஞ்சதோ! உன்ர கொப்பர் ரெண்டு வரியமா ஊசி குத்திக் குத்திக் கிடந்தவர், ஒரு நாள் ஏலாதெண்டு சொல்லேல்ல. உனக்கு நாலு மயிர் கடிக்குதோ? இல்லை, பொம்பிளை வீட்டுக்காரர் வருகினமெண்டு மாப்பிள்ளைக் கோலம் போட்டனியோ?"

"விடுங்கோ அண்ணை, ஆக்கள் இருக்கினம்" என்றா யதுர்ஷிகாவின் தாய்.

"ஆக்கள் இருக்கினமெண்டுதானே தங்கச்சி நான் கேக்கிறன். நாளைக்கு இந்த ஆக்கள் எங்களையெல்லோ கேப்பினம்."

நான் தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்றேன். பதில் எனக்குத் தெரியும். அஜந்தனுக்கும் தெரியும். 'எனக்குத் தாடி ஒழுங்காக வராது, அதை மறைக்கத்தான் மழித்தேன்' என்று ஒரு வரி. அந்தப் பெண்ணுக்கு முன்னால் அதைச் சொல்வதைவிடத் தகப்பனை மதிக்காத மகன் என்று பெயர் எடுப்பது அவனுக்கு இலேசாக இருந்தது. நின்ற இடத்திலேயே நின்று எல்லாப் பேச்சையும் வாங்கினான். யதுர்ஷிகா ஒரே ஒரு தடவை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கணபதியர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்.

இரண்டு நாள் கழித்துச் சித்தப்பாவுக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. கோபமாகக் கதைக்கவில்லையாம். "எனக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை. நாளைக்கு எனக்கு ஒண்டு நடந்தால் மருமகன்தான் கொள்ளி வைக்கவேணும். பெத்த தகப்பனுக்கு முப்பத்தொரு நாள் பொறுக்காதவர் எனக்குப் பொறுப்பாரோ?" என்றாராம். அதோடு அந்தச் சம்பந்தம் நின்றது.

அம்மா ஒரு நாள் முழுக்க அழுதா. அப்பாவுக்காகவா இதற்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. "மழிச்சது மழிச்சதுதான், இனியாவது கை வையாதே" என்று சித்தப்பா உத்தரவு போட்டார். கதை ஊர் முழுக்கப் பரவியது. முன்பு வருபவர்கள் படத்தில் இருந்த அப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் அஜந்தனைப் பார்த்தார்கள். இப்போது படலையைத் திறந்ததும் அவனுடைய முகத்தைத்தான் பார்த்தார்கள், மழித்திருக்கிறானா என்று. பதினைந்து வருடம் ஒருவரும் உற்றுப் பார்க்காத முகத்தை அவனே ஊர் பார்க்கும்படி செய்துவிட்டான். முகக்கவசத்தை எறிந்துவிட்டான். தாடி தன் பாட்டுக்கு வந்தது, வராத இடத்தில் வரவில்லை.

இருபத்தைந்தாம் நாள் சித்தப்பா அவனுக்கு முன்னால் வெகுநேரம் இருந்தார். பிறகு எழும்பிக் குசினிக்குள் வந்தார்.

"பிள்ளை, இவனுக்கு முகத்தில பூச்சிவெட்டோ?"

"இல்லைச் சித்தப்பா. அவனுக்கு எப்பவும் இப்பிடித்தான்."

"எப்பவுமோ? நான் கண்டதில்லையே."

"நீங்கள் காணக்கூடாதெண்டுதானே ஒவ்வொரு நாளும் மழிக்கிறவன்."

அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப அண்டைக்கு?"

"ஓம்."

"இதைச் சொல்லித் துலைச்சிருக்கலாமே, விசரன்!" என்றார். வெளியே போய் மாமரத்தடியில் நின்று கணபதியருக்குப் போன் எடுத்தார். நெடுநேரம் கதைத்தார். திரும்பி வந்தபோது முகம் கறுத்திருந்தது.

"மனுசன் சிரிக்கிறார். தாடி வராதவன் தாடியை மழிச்சதுக்குத் தாடி வராததுதான் காரணமெண்டு சொல்லுறீங்களோ, நல்ல கதை எண்டு கேக்கிறார். நான் பொய் சொல்லுறன் எண்டு நினைக்கிறார்."

அதற்கு மறுநாள் எனக்கு ஓர் அழைப்பு வந்தது. யதுர்ஷிகா.

"அக்கா, உங்கட சித்தப்பா சொன்னது உண்மையோ?"

"ஓம் பிள்ளை."

"நான் அண்டைக்குக் கோயிலடியில தாடி எண்டு சொன்னது சும்மா அக்கா. அவர் ஒண்டும் கதைக்கேல்ல. நான் ஏதாவது சொல்லவேணுமே எண்டு வாயில வந்ததைச் சொன்னனான். எனக்குத் தாடி பெரிசில்லை."

"அப்பாட்டச் சொல்லிப் பாரன் பிள்ளை."

"சொன்னனான். அவர் ஒருக்கா இல்லை எண்டால் இல்லைத்தான். என்னால அவரோட நிண்டு சண்டை பிடிக்கேலாது அக்கா."

நானும் அவளை வற்புறுத்தவில்லை. எனக்கும் அது ஏலாத வேலை.

அந்தியேட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது நிரோஜன் வந்தான். அவனும் பகிடி விடவில்லை. "மச்சான், கத்தி படாமல் பதினேழு நாள். கேட்டதைவிடக் கூட. இப்ப படம் எடுத்து அனுப்பு. வேண்டாமெண்டால் பிறகு வேண்டாமெண்டு சொல்லலாம்" என்றான். அஜந்தன் என்னைப் பார்த்தான். கொல்லைப் பக்கம் வெளிச்சத்தில் அவனை நிறுத்தி நான்தான் எடுத்தேன். நேராக, வலது, இடது, நாடியைத் தூக்கி, பின்தலை. இடது பக்கம் எடுக்கும்போது அவனுடைய கழுத்து தானாகத் திரும்பியது. நாடியைப் பிடித்து நேராக்கினேன். அப்போதுதான் யதுர்ஷிகா சொன்னதைச் சொன்னேன்.

"சும்மாவோ?" என்றான்.

"சும்மாதானாம்."

மற்றப் படங்களை எடுத்து முடித்தோம். அந்தியேட்டியன்று எல்லாருக்கும் முன்னால் முகம் வழித்தார்கள்.

கிளினிக்கிலிருந்து பதில் வந்தது. செய்யலாம் என்றார்கள். நட்டதில் கொஞ்சம் பிடிக்காமல் போகும். முதலில் எல்லாம் கொட்டி, பிறகுதான் முளைக்கும். சரியாகத் தெரிய ஒரு வருடம் எடுக்கும். தலைமயிர் என்றபடியால் தலைமயிர்போலத்தான் வளரும், வெட்டிக்கொண்டே இருக்கவேண்டும். நட்ட பிறகு கொஞ்சக் காலம் வெயிலிலும் தூசியிலும் நிற்கக்கூடாது. பங்குனியில் ஒரு நாள் குறித்துக் கொடுத்தார்கள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. மாசியில் அறுவடை முடிந்து நெல் விற்றான். காசு கையில் இருந்தது. நான் தினமும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நட்டுக்கொண்டு வரட்டும் என்று ஒரு மனம், அந்தக் காசில் வீட்டுக் கூரையைப் போடட்டும் என்று ஒரு மனம். அவன் கேட்டிருந்தால் எதைச் சொல்லியிருப்பேனோ தெரியாது. கேட்கவில்லை.

குறித்த நாளுக்கு நாலு நாள் முந்தி கிளினிக்கிலிருந்து அந்தத் தமிழ்ப் பிள்ளை அழைத்தது. அவன் டிராக்டரின் கீழ் படுத்துக் கிடந்து ஏதோ பூட்டிக்கொண்டிருந்தான். கை முழுக்க எண்ணெய், அதனால் போனைச் சத்தமாகப் போட்டு மண்ணில் வைத்தான்.

"அஜந்தன் சேர், வெள்ளிக்கிழமை வாறீங்கள்தானே?"

"இல்லை மிஸ். நான் வரேல்ல."

"ஏன் சேர், பயமோ? நோகாது."

"நோவுக்கில்லை."

"அப்ப ஏன் சேர்?"

அவன் திருகுசாவியைக் கீழே வைத்தான். "ஆக்கள் பார்க்கக்கூடாதெண்டுதான் மிஸ் செய்ய நினைச்சனான். எல்லாரும் பார்த்திட்டினம்."

அந்தப் பிள்ளைக்கு விளங்கியிருக்காது. விலையில் கழிவு தரலாம் என்று சொல்லத் தொடங்கியது. அஜந்தனுக்கு ஒருவரின் கதையை இடையில் வெட்டத் தெரியாது. கடைசி வரை கேட்டு, "சரி மிஸ், நன்றி" என்று சொன்னான். திரும்பவும் வண்டியின் கீழ் போய்விட்டான். களைத்த குரல்தான். அழுததாகவோ ஆறுதல் அடைந்ததாகவோ எனக்குத் தெரியவில்லை. அவன் வேலையை முடிக்கும் வரை அங்கேயே நின்றேன்.

இப்போது ஆடி மாதம். அஜந்தனுக்கு முப்பத்தைந்து வயது. முடி நடப் போகவில்லை, இனிப் போவதாகவும் இல்லை என்கிறான். யதுர்ஷிகாவுக்கு முல்லைத்தீவில் வேறு இடத்தில் கலியாண எழுத்து முடிந்துவிட்டது. அம்மா கலியாணப் பேச்சை எடுத்தால், அப்பாவின் ஒரு வருட ஆட்டைத் திவசம் முடியட்டும் என்கிறான். அதற்கு இன்னும் நாலைந்து மாதம் இருக்கிறது.